தொலைந்ததா, தொலைக்கப்பட்டதா?

காதல் கைகூடாமற் போனவரைக் கண்டால் நம் நாட்டார் கூறும் ஆறுதல் மொழிகள் மூன்று. "கொடுத்து வைத்தது அவ்வளவுதான்" என்பது ஒன்று. "தலையில் எழுதியதை யார் அழிக்க முடியும்?" என்பது இரண்டு. "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்" என்பது மூன்று. இம்மூன்றையும் ஊன்றிப் பாருங்கள், தோழர்களே! முதல் மொழியில் கொடுப்பவன் யார் என்பது இல்லை. இரண்டாம் மொழியில் எழுதியவனுக்கு முகவரி இல்லை. மூன்றாம் மொழியில் புண்ணைப் பற்றிய பேச்சு உண்டு; வெட்டிய கையைப் பற்றிய பேச்சு இல்லை. காதல் தொலைந்துவிட்டதாம்! கைக்குட்டை தொலைவது போல, குடை தொலைவது போல, யாரும் எடுக்காமல், யாரும் பறிக்காமல், தானே தொலைந்துவிட்டதாம்!

வடசென்னையில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் பகுதியில் இதே இலக்கணத்தில் இன்னொரு பேச்சும் உண்டு. "கடல் தின்றுவிட்டது" என்பார்கள். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கரையோரமாக நடந்து செல்லுங்கள். பல இடங்களில் காலுக்கு மணல் கிடைக்காது; கருங்கற் குவியல்தான் கிடைக்கும். மக்கள் குடியிருந்த வீடுகளும் தெருக்களும் இருந்த இடத்தில் இன்று அலை புரளுகிறது. கடலம்மாவுக்குச் சினம் வந்தது, ஊரை விழுங்கிவிட்டாள் என்று சொல்லிக் கற்பூரம் கொளுத்தியவர்கள் உண்டு. உண்மை என்ன? இக்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. 1870களில் சென்னைத் துறைமுகத்திற்காகக் கடலுக்குள்ளே கற்சுவர் எழுப்பத் தொடங்கினர். வடக்கே வரவேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தேங்கிற்று. தேங்கிய மணலால் மெரினா அகன்றது. வரவேண்டிய மணல் வராமல் இராயபுரம் கரைந்தது. சுவர் ஒன்று, அதனால் அங்கே உலாவுமிடம், இங்கே ஊரழிவு! துறைமுகம் எங்களுக்குச் சோறு போட்டது. அதை நான் மறந்தவனல்லன். சுவரை மறைத்துவிட்டுக் கடலின் மேல் பழி போடும் பேச்சைத்தான் மறுக்கிறேன்.

காதல் இழப்புக்கும் இதே விளக்கந்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். அங்கும் சுவர் உண்டு. சுவரைக் கட்டியவர் உண்டு. மறுபுறத்தில் மணல் சேர்ந்து மகிழ்ந்தவரும் உண்டு. இந்த எண்ணத்தை எனக்குத் தந்தது ஒரு நாவல்: வண்ணநிலவன் எழுதி 1977இல் வெளிவந்த 'கடல்புரத்தில்'.

அந்நூலை நான் முதன்முதல் படித்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. கிளை நூலகத்திலே அட்டை கிழிந்த படி ஒன்று கிடைத்தது. கடலைப் பற்றிய கதை, நம் கரையைப் பற்றியதாக இருக்கும் என்று எடுத்தேன். கதை நடக்கும் கரையோ தெற்கே, மணப்பாட்டுப் பக்கம். கத்தோலிக்கப் பரதவர் வாழும் கரை. ஆனால், படிக்கப் படிக்க அந்த மணல் எங்கள் மணலாகவே தெரிந்தது. காசிமேட்டில் வலை உலர்த்தும் மனிதர்கள் அங்கேயும் இருந்தார்கள். மீன் கூடையைத் தலையில் ஏற்றும் தாய்மார்கள் அங்கேயும் இருந்தார்கள்.

குரூஸ் மிக்கேல் என்பவர் ஒரு முதியவர். அவருக்குத் தம் வல்லமே உயிர். மகனோ வல்லத்தை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி வற்புறுத்துகிறான். ஊரிலே லாஞ்சுகள் வந்துவிட்டன. வல்லக்காரருக்கும் லாஞ்சுக்காரருக்கும் பகை முற்றுகிறது. இந்தப் புயலுக்கு நடுவிலே அவர் மகள் பிலோமி. அவள் சாமிதாஸ் என்ற இளைஞனிடம் உள்ளத்தைக் கொடுத்தவள். உள்ளத்தை மட்டுமன்று, தன்னையே கொடுத்தவள். அவனோ வீட்டாருக்குக் கட்டுப்பட்டு வேறொருத்தியை மணக்கிறான். தாய் மரியம்மை இறக்கிறாள். தந்தையின் வல்லம் போகிறது; வல்லத்தோடு அவர் நெஞ்சமும் நிலை குலைகிறது. காதலன், தாய், தந்தையின் தொழில் என்று எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இழந்த அந்தப் பெண் என்ன செய்கிறாள்?

இங்கேதான் படிப்பவன் திடுக்கிடுகிறான். அவள் சாகவில்லை! நஞ்சைத் தேடவில்லை, கடலில் பாயவில்லை, கன்னிமாடத்துக்கு ஓடவில்லை. நினைக்கிறாள், நினைத்தபடியே வாழ்கிறாள். தாயின் நண்பராக இருந்த வாத்தியிடம் அன்பு பாராட்டுகிறாள், தோழியிடம் மனம் விட்டுப் பேசுகிறாள், அடுப்பை மூட்டுகிறாள். உடலைக் கொடுத்துவிட்ட பெண்ணுக்குச் சாவைத் தவிர வேறு வழியில்லை என்று ஆயிரம் கதைகள் அடித்துச் சொல்லிய நாட்டிலே, பிலோமி மறுநாட் காலையில் எழுந்து முகம் கழுவுகிறாள். அது எத்தகைய புரட்சி என்பதை, ஆரவாரமின்றி வந்த காரணத்தால், பலர் கவனிக்கவில்லை.

ஏன் இதைப் புரட்சி என்கிறேன்? இழந்த காதலை நினைத்தல் என்ற பெயரால் நம் இளைஞர்க்கு இதுவரை ஊட்டப்பட்டது என்ன என்று பாருங்கள். சரத்சந்திரர் எழுதி 1917இல் வெளிவந்த 'தேவதாஸ்' 1953இல் தமிழ்ப் படமாக வந்தது. நாகேசுவரராவ் இருமினார், நாடே இருமிற்று! ஜமீன் வீட்டுப் பிள்ளை. பக்கத்து வீட்டுப் பெண். குறுக்கே நின்றது குடிப்பெருமையும் செல்வச் செருக்கும். எதிர்த்து நிற்க அவனுக்குத் துணிவில்லை. துணிவில்லாதவன் கையில் புட்டி ஏறிற்று. இருமலையும் புட்டியையும் போற்றி எழுதினார்களேயன்றி, குறுக்கே நின்ற குடிப்பெருமையை யார் ஏசினார்கள்? தாடி வளர்ப்பதே தலைசிறந்த காதல் என்று ஒரு தலைமுறை கற்றது. தாடி வளர்த்தவனின் தந்தையோ மீசையை முறுக்கிக்கொண்டு அடுத்த சம்பந்தம் பேசப் போனார்.

மேனாட்டிலும் இப்பிணி இருந்தது. 1774இல் கெதே எழுதிய 'வெர்தர்' என்னும் ஏடு ஐரோப்பாவை ஆட்டிப் படைத்தது. காதலில் தோற்றுத் தன்னையே சுட்டுக்கொண்ட அந்த இளைஞனைப் போல நீல மேலங்கி அணிவது பெருமை என்று வாலிபர் கருதினர். சாவையும் அவனைப் போலவே தேடிவிடுவார்களோ என்ற அச்சம் பரவிற்று. லைப்சிக் நகரில் 1775இல் அந்நூல் விற்பதையே தடை செய்தனர். தடை விதித்தோருக்கு ஒன்று புரியவில்லை: நூலைத் தடுப்பதால் நோய் நீங்காது. இழப்புக்குக் காரணம் காட்டாத எந்தக் கதையும் படிப்பவனை அவன் மீதே ஏவிவிடும். பகைவன் யார் என்று தெரியாதவன், தன்னையே பகைவனாக எண்ணித் தாக்கிக்கொள்கிறான்!

மேனாடு வரை போவானேன்? எங்கள் திருவொற்றியூரிலேயே ஒரு பழங்கதை உண்டு. சேக்கிழார் பெரிய புராணத்திலே பாடி வைத்தது. ஆண்டுதோறும் மாசி மாதத்தில், 'மகிழடி சேவை' என்ற பெயரால் இன்றும் திருவிழாவாக நடக்கிறது. திருவாரூரிலே பரவை என்ற மனைவியை விட்டுவிட்டு ஒற்றியூருக்கு வந்த சுந்தரர், பூத்தொடுக்கும் சங்கிலியைக் கண்டு மையல் கொள்கிறார். தூது செல்பவர் யார் தெரியுமோ? சிவனாரே! "ஏற்கெனவே ஒரு மனைவி உள்ளவர் ஆயிற்றே" என்று பெண் தயங்குகிறாள். "உன்னைப் பிரியேன் என்று ஆணையிட்டுத் தரச் சொல்கிறேன்" என்கிறார் தூதர். மணமகனோ அதே தூதரிடம், "நான் ஆணையிடும் வேளையில் நீர் கோயிலை விட்டு வெளியேறி மகிழ மரத்தடியில் போய் இரும், ஆணை பலிக்காமற் போகட்டும்" என்று ஏற்பாடு செய்கிறார். ஆண்டவர் அதற்கும் தலையசைத்துவிட்டு, பெண்ணிடம் சென்று, "மகிழ மரத்தடியிலேயே ஆணையிடச் சொல்" என்று காதில் ஓதுகிறார். இரு தரப்புக்கும் ஒரே வழக்கறிஞர்!

ஆணை இட்டார். இளவேனில் வந்தது, ஆரூர் நினைவு வந்தது, ஒற்றியூர் எல்லையைக் கடந்தார், கண்ணிழந்தார். பிறகு காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் கிடைத்தன என்பது புராணம். பார்வை போன கண்ணுக்காக ஊர் ஊராகப் பதிகம் பாடப்பட்டது. வழி பார்த்திருந்த கண்ணுக்காகப் பாடப்பட்டது என்ன? சங்கிலி என்ன நினைத்தாள், எத்தனை இரவு காத்திருந்தாள், ஏமாற்றியவனைப் பற்றி என்ன சொன்னாள்? முன்னை உலகிலே பணிப்பெண்ணாக இருந்தவள், முடிவில் அங்கேயே திரும்பினாள் என்று கணக்கை முடித்துவிட்டது புராணம். ஆணை வாங்கித் தரப்பட்ட காட்சிக்குத் திருவிழா உண்டு. ஆணை முறிந்த பின் அவள் வாழ்ந்த வாழ்வுக்கு ஒரு விளக்குக்கூட இல்லை. பக்தர் மனத்தைப் புண்படுத்த இதைக் கூறவில்லை. இழந்த காதலை யார் நினைக்கலாம், யாருடைய நினைவு ஏடேறும் என்பதிலேயே நம் மரபு ஓரவஞ்சனை செய்திருக்கிறது என்பதைக் காட்டவே கூறினேன். அந்த வஞ்சனைக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட மறுமொழியாகவே பிலோமியின் கதையை நான் காண்கிறேன். கைவிடப்பட்டவள் கண் வழியே கதையைக் காட்டுகிறது அந்த நாவல்.

கடற்கரைக் காதல் என்றதும் பலர் நினைப்பது தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீ'னைத்தான். 1956இல் மலையாளத்தில் வந்தது. 1957இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பால் தமிழருக்கும் சொந்தமாயிற்று. 1965இல் திரைப்படமாகிப் புகழ் குவித்தது. பெருநூல்தான், ஐயமில்லை. மீனவப் பெண் கருத்தம்மா. இசுலாமிய வணிகன் பரீக்குட்டி. கரையில் இருக்கும் மனைவியின் கற்பே கடலில் இருக்கும் கணவனைக் காக்கும் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. கருத்தம்மாவைப் பழனி என்ற மீனவனுக்கு மணமுடிக்கிறார்கள். முடிவில் ஒரு நாள் இரவு பழைய காதலர் சந்திக்கின்றனர். அதே இரவில் பழனியைக் கடல் கொள்ளுகிறது. காதலர் இருவரும் தழுவிய கோலத்தில் பிணங்களாகக் கரை ஒதுங்குகின்றனர்.

படித்துக் கண்ணீர் விடுகிறோம். கண்ணீரைத் துடைத்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள்! கருத்தம்மாவின் தந்தை செம்பன்குஞ்சுக்குத் தோணியும் வலையும் வாங்கப் பேராசை. அதற்குப் பொருள் கொடுத்தவன் யார்? பரீக்குட்டி. அவனுக்குத் திருப்பித் தரப்பட்டது என்ன? ஒன்றுமில்லை. கடன் கொடுத்தவன் கடையிழந்தான், காதலியை இழந்தான், கடற்கரையில் பாடித் திரிந்தான். கடன் வாங்கியவன் தோணிக்காரனான்! இத்தனையையும் தகழி மறைக்காமல் எழுதியிருக்கிறார். எழுதிய கை, முடிவுக்கு வரும்போது மட்டும் கடலம்மாவின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அந்த இரவு நடந்ததைப் பார்த்த கரை என்ன சொல்லும்? "பார்த்தீர்களா, மனைவி தவறினாள், கணவனைக் கடல் கொண்டது" என்றுதானே சொல்லும்? மூடநம்பிக்கையைக் காட்டும் நாவல், முடிவில் அந்த மூடநம்பிக்கைக்கே சான்றுரைத்துவிடுகிறது. சுறாவுக்குப் பழனியின் வீட்டுச் செய்தி எப்படித் தெரியும் என்று கேட்க ஒருவரும் இல்லை.

செம்மீனையும் கடல்புரத்தையும் அருகருகே வையுங்கள். இரண்டிலும் கடல் உண்டு. தோணிப் பித்துக் கொண்ட தந்தை உண்டு. இறந்துபோகும் தாய் உண்டு. பிரிக்கப்பட்ட காதல் உண்டு. ஒன்றில் கடல் தீர்ப்பு வழங்குகிறது. மற்றொன்றில் கடல் வெறும் கடலாக இருக்கிறது. தீர்ப்பு வழங்குவோர் கரையில் இருக்கும் மனிதரே. அதனால்தான் பிலோமியால் வாழ முடிகிறது. விதியை எதிர்த்து எவரும் வாழ முடியாது. மனிதரை எதிர்த்து வாழ முடியும்!

ஆயினும், அந்நூலுடன் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பிலோமி சாமிதாஸை வெறுக்கவில்லை. அவனிடம் பகை பாராட்டாத பரந்த அன்பை ஆசிரியர் அவளுக்குத் தந்திருக்கிறார். இருபத்திரண்டு வயதில் அதைப் படித்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை. ஏமாற்றியவனுக்கு மன்னிப்பு வழங்கும் வேலை எப்போதும் பெண்ணுக்குத்தானா என்று புத்தகத்தை மூடிவைத்துக் கேட்டேன். இன்று அறுபதைக் கடந்த நிலையில் அக்கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேட்கிறேன். மனிதனை மன்னிப்பது அவளுடைய உரிமை. அதில் நான் தலையிடேன். ஆனால், அந்த மனிதனை அப்படி நடக்க வைத்த முறையை மன்னிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. சாமிதாஸ்களை மன்னிக்கலாம், சாமிதாஸ்களைச் செய்து தள்ளும் பட்டறையை மன்னிக்கலாகாது.

இவ்வளவு உறுதியாகப் பேசுகிறாயே, உனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியும், நண்பர்களே. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு தட்டச்சுப் பயிலகம். காலை ஆறரை மணி வகுப்பு. என் தந்தை திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் கூலிக்குப் பாடுபட்டவர். அவள் தந்தை இராயபுரத்து மீனவர், கிறித்தவர். அடுத்தடுத்த பொறிகள் எங்களுடையவை. ஓராண்டில் ஆங்கிலத் தட்டச்சில் அவள் என்னைவிட விரைவு பெற்றாள். நான் அவளிடம் 'கடல்புரத்தில்' நாவலைக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தபோது அவள் சொன்னது நினைவிருக்கிறது: "இந்தப் பெண் அழுகிற இடத்தை எல்லாம் எழுதியிருக்கிறார். மீன் விற்ற காசை எண்ணுகிற இடத்தை இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்." திறனாய்வு நூல்கள் பல படித்திருக்கிறேன், அதற்கு ஈடான ஒரு வரியை இன்னும் காணவில்லை.

அந்தக் காசுதான் எங்களைப் பிரித்தது. அவள் தந்தைக்கு விசைப்படகில் ஒரு பங்கு வாங்க வேண்டியிருந்தது. முன்பணம் தரக்கூடிய வீட்டில் மணமகன் ஒருவர் இருந்தார். எங்கள் வீட்டிலோ வேறு காரணம் ஆயத்தமாக இருந்தது. "மீன் கூடை சுமக்கிற வீட்டிலிருந்து நமக்குப் பெண்ணா?" என்றார் பெரியவர் ஒருவர். அவர் அதைச் சொன்னது, மீன் குழம்பைப் பிசைந்து உண்டுகொண்டிருந்த வேளையில்! மீன் உள்ளே வரலாம், மீனவர் வரலாகாது. அங்கே கடன், இங்கே சாதி. இரண்டு சுவர்களும் சந்திக்கும் மூலையில் நாங்கள் நின்றோம். அவள் திருமணம் நடந்தேறிற்று. மறு வாரம் பயிலகத்தில் அவள் பொறியில் வேறொரு மாணவர் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் கதை, இதில் விதி எங்கே வருகிறது? பெயர் சொல்லிச் சுட்டத்தக்க மனிதர்களும், தொகை சொல்லி எண்ணத்தக்க பணமுமே வருகின்றன.

பின்னர் எனக்கும் திருமணமாயிற்று. என் மனைவிக்கு இக்கதை முழுவதும் தெரியும்; முதல் ஆண்டிலேயே கூறினேன். நல்ல இல்லறம் நடத்தினோம், நடத்துகிறோம். நினைவு என்பது இன்னொருவருக்குச் செய்யும் வஞ்சனையன்று. பிலோமி எனக்குக் கற்றுத் தந்த பாடம் அது: நினைப்பவர் வாழலாம், வாழ்பவர் நினைக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அந்த நினைவை நீதிமன்றத்துக்கு இழுத்து வந்தார்கள். நீதிமன்றம் என்றால் எங்கள் அக்கா வீட்டுக் கூடம். அக்கா மகள் ஒருவரைத் தேர்ந்திருந்தாள். எண்ணூர்ப் பக்கத்து ஆலையொன்றில் ஃபிட்டர் வேலை பார்க்கும் இளைஞர், நேர்மையானவர், படித்தவர், ஊர் 'சேரி' என்று ஒதுக்கி வைத்த தெருவில் பிறந்தவர். உறவினர் கூடினர். ஒருவர் உறுமினார், ஒருவர் அழுதார். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏன் தம்பி, உனக்கும்தான் ஒருத்தி இருந்தாள். நாங்கள் வேண்டாம் என்றோம். நீ மறந்துவிட்டுக் குடும்பம் நடத்தவில்லையா? இவளும் மறந்துவிடுவாள். நீயே சொல்லு அவளுக்கு."

கூடம் முழுதும் என்னைப் பார்த்தது. முப்பத்தைந்து ஆண்டு நினைவை, இன்னொரு காதலைக் கொல்வதற்குச் சான்றாக அழைக்கிறார்கள்! "இவன் பிழைத்தானே, இவளும் பிழைப்பாள்" என்பது அவர்கள் வழக்கு. வெட்டுண்ட மரம் தழைத்துவிட்டதைக் காட்டி, வெட்டுவது தீங்கன்று என்று வாதிடும் கோடரியின் வழக்கு!

"அக்கா, நான் மறக்கவில்லை" என்றேன். "மறந்துவிட்டேன் என்று உங்களிடம் ஒரு நாளும் சொன்னதும் இல்லை. நான் வாழ்ந்தது என் உழைப்பால். நீங்கள் பிரித்தது சரி என்பதால் அன்று."

அக்கா மகள் நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?" என்று கேட்டாள். நான் மறுமொழி கூறுமுன், என் மனைவி, "போடுவார். நானும் போடுவேன்" என்றாள்.

திருமணம் நடந்தது. ஐயர் இல்லை, அம்மி இல்லை, அருந்ததி இல்லை. மாலை மாற்றி, உறுதிமொழி கூறி, தோழர்கள் முன்னிலையில் நடந்த சுயமரியாதைத் திருமணம். பிறகு பதிவு அலுவலகத்தில் சான்றாளர் இடத்தில் என் பெயரை எழுதினேன். என் நினைவை அவர்கள் தங்கள் பக்கத்துச் சாட்சியாக அழைத்தார்கள். அது எதிர்ப்பக்கத்துச் சாட்சியாகப் பதிவேட்டில் ஏறிற்று.

அந்தக் கையெழுத்து எளிதாகக் கிடைத்ததன்று. 1928 முதல் சுயமரியாதைத் திருமணங்களை நடத்தி வந்தவர்களுக்கு, "இது திருமணமே அன்று" என்று சட்டம் சொல்லிய காலம் இருந்தது. 1967இல் அண்ணா அமைச்சரவை இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தி அதற்குச் சட்ட ஏற்பு வாங்கித் தந்தது. மதம் வேறுபட்டவர் மணப்பதற்கு 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு. ஆயினும், அதிலே முப்பது நாள் அறிவிப்பு என்ற முள்ளும் உண்டு. அலுவலகத்தில் ஒட்டப்படும் அந்த அறிவிப்பே துரத்துவோர்க்குத் துப்பாக ஆகிவிடுகிறது. அகவை வந்த இருவர் மணந்துகொள்ள விரும்பினால் குடும்பமோ சாதிக் கூட்டமோ குறுக்கிட உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. சட்டம் கதவைத் திறந்திருக்கிறது. வாசலில் அரிவாள் நிற்கிறது.

அரிவாள் என்று அணிக்காகச் சொல்லவில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றம்? தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்தவர், பிற சாதிப் பெண்ணை மணந்தது. வெட்டுப்பட்டும் உயிர் தப்பிய கௌசல்யா என்ன செய்தார்? பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றம் ஏறிச் சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம், அவர் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கௌசல்யா ஓயவில்லை, சாதியை எதிர்த்து மேடையேறினார், 2018இல் மறுமணமும் செய்துகொண்டார். "கணவனை மறந்துவிட்டாளே" என்று முணுமுணுத்தோர் உண்டு. முணுமுணுத்தோருக்கு வேண்டியது வெள்ளைப் புடவையும் விம்மலும்! கொன்றவனைக் கூண்டில் ஏற்றியதைவிட நினைவுக்கு வேறு என்ன இலக்கணம் வேண்டும்? அழுவது ஒரு நினைவு. ஆவணமாக நிற்பது இன்னொரு நினைவு. இரண்டாவதைத்தான் ஆதிக்கம் அஞ்சுகிறது.

எழுத முனையும் இளைஞர்களுக்கு ஒரு சொல். இழந்த காதலைப் பற்றி எழுதுங்கள். வேண்டாம் என்று கூறுவோர் பேச்சைக் கேளாதீர். காதல் அற்பப் பொருளன்று. சாதி என்னும் கோட்டையில் அது ஒன்றே நாள்தோறும் கன்னம் வைக்கிறது. ஆனால் நிலவையும் மழையையும் எழுதும்போது, வீட்டுக் கூடத்தில் யார் யார் அமர்ந்திருந்தார்கள், யார் என்ன சொன்னார், எவ்வளவு பணம் கைமாறிற்று என்பதையும் எழுதுங்கள். அவள் அழுத இடத்தை எழுதுங்கள். காசை எண்ணிய இடத்தையும் எழுதுங்கள்.

எழுதாதோருக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டிலும் ஒரு நாள் கூடம் கூடும். தங்கையோ, மகளோ, அண்ணன் பிள்ளையோ நடுவில் நிற்கும். அப்போது உங்கள் பழைய நினைவு ஒன்றை எடுத்துக் காட்டி, "நீ மறந்தாயே" என்பார்கள். "மறக்கவில்லை" என்ற ஒரு சொல் அன்றைக்கு உங்கள் வாயிலிருந்து வரவேண்டும். பதிவு அலுவலகத்தில் சான்றாளருக்கென ஓர் இடம் வெறுமையாகக் காத்திருக்கிறது. பேனாவை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்!